கவ்வாத்து வெட்டிய லினக்ஸ்

மஸ்கெலியாவுக்கு மேலே, தோட்டப் பாடசாலை ஒன்றில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். வெளிநாட்டு அன்பளிப்பாக வந்த கம்ப்யூட்டர்கள் ஒரு அறை நிறைய இருக்கின்றனவாம். ஒவ்வொன்றிலும் ஒரு ஜிபி ரேம், மிஞ்சினால் இரண்டு. சுவிட்சைப் போட்டு, பிள்ளைகள் ஒரு வரி எழுதத் தொடங்குவதற்குள் பாடவேளையில் பாதி போய்விடுகிறது. யாரோ சொன்னார்கள் என்று லினக்ஸ் போட்டுப் பார்த்தாராம், அதுவும் ஊர்ந்ததாம். வருடக் கடைசிக் கணக்கெடுப்பில் எல்லாவற்றையும் பாவனைக்கு உதவாதவை என்று எழுதிவிடலாமா என்று கேட்கிறார்.

எழுதிவிட வேண்டாம், டீச்சர். அந்தக் கம்ப்யூட்டர்கள் புதிதாக இருந்தபோது எந்த வேகத்தில் கணக்குப் போட்டனவோ அதே வேகத்தில்தான் இன்றும் போடுகின்றன. கூடியது அவற்றின் தலையில் ஏற்றப்படும் சுமை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ரேமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. நீங்கள் போட்டுப் பார்த்த லினக்ஸ் உபுண்டுவின் வழக்கமான பதிப்பாக இருந்திருந்தால், அதுவும் குறைந்தது 4 ஜிபி கேட்கிற சாதிதான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு புதுக் கம்ப்யூட்டர் என்பது தோட்டப் பாடசாலைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இருப்பதைத் தூக்கிப்போட நமக்கு வசதி இல்லை.

பழைய கம்ப்யூட்டர்களுக்கென்றே சின்னதாக வைக்கப்படும் லினக்ஸ் தொகுப்புகள் பல உண்டு. அவுஸ்திரேலியாவில் பரி கோலர் 2003இல் தொடங்கிய பப்பி லினக்ஸ் முழுவதுமாக ரேமில் ஏறி ஓடிவிடும். ஹார்ட் டிஸ்க் செத்துப்போன கம்ப்யூட்டரிலும் ஒரு பென் டிரைவைக் குத்தி வேலை வாங்கலாம். டைனி கோர் என்பது ஜன்னல், மெனு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 23 எம்பி. கைத்தொலைபேசியில் எடுக்கும் நாலைந்து படங்களின் அளவு அது. டெபியன் என்ற பெரிய லினக்ஸ் தொகுப்பை அடித்தளமாகக் கொண்ட அன்டிஎக்ஸ் 512 எம்பி ரேமிலும் நடமாடும்.

இவற்றைச் செய்வதைவிடச் சின்னதாகவே வைத்திருப்பதுதான் பாடு. என் அப்பா கவ்வாத்து வெட்டியவர். தேயிலையை அதன் போக்கில் விட்டால் ஆளுயரம் தாண்டி மரமாகிவிடும். கொழுந்து எடுக்கிறவர்களின் கைக்கு எட்டும் உயரத்தில் அதை நிறுத்துவது கத்தி. வெட்டி நாலைந்து வருடத்தில் செடி மறுபடி உயர்ந்துவிடும், மறுபடி வெட்டவேண்டும். சோர்ந்த செடியாக இருந்தால் ஒன்றிரண்டு கிளைகளை இலையோடு விட்டுவைப்பார். புதுத் துளிர் வரும்வரை செடி அந்த இலைகளால்தான் பிழைக்கும். சின்ன லினக்ஸ் செய்கிறவர்களுடைய வேலையும் இதுதான். ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் கத்தி எடுக்கவேண்டும், எந்தக் கிளையை விடுவது என்றும் தெரிந்திருக்கவேண்டும்.

வளர்ச்சி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் யாரும் கேட்காமலே வருகிறது. டெபியனில் ஒரு மென்பொருளை நிறுவினால், அதற்குக் கட்டாயம் வேண்டியவற்றோடு, இருந்தால் நல்லது என்று பரிந்துரைக்கப்பட்டவையும் சேர்ந்து இறங்கும். அவை ஒவ்வொன்றுக்கும் அதனதன் துணைகள் உண்டு. படம் பார்க்க ஒரு சின்னக் கருவி கேட்டால், அச்சு இயந்திரத்தைத் தேடும் சேவையும் ஸ்கேனருக்கான நூலகமும் வந்து உட்கார்ந்திருக்கும். பரிந்துரைகளை நிறுத்துவதற்கு அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும். அந்த ஒரு வரியால் மிச்சமாகும் இடத்தைப் பார்த்த பிறகு எந்தத் தொகுப்பையும் நான் முன்போலப் பார்த்ததில்லை.

ஆனால் இந்த உலகத்தில் எனக்கு மிகப் பிடித்தது பிஸிபொக்ஸ் என்ற ஒரு கோப்பு. 1995இல் டெபியன் திட்டத்தில் இருந்த புரூஸ் பெரன்ஸ் அதை எழுதத் தொடங்கினார். 1.44 எம்பி கொள்ளும் ஒரே ஒரு பிளொப்பி டிஸ்க்கிலிருந்து லினக்ஸை எழுப்பவும், நிறுவவும், பழுதானால் மீட்கவும் முடியவேண்டும் என்பது அவருக்கு இருந்த தேவை. லினக்ஸிலோ ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ஒரு தனி நிரல். கோப்புகளைப் பட்டியலிட எல்எஸ், நகலெடுக்க சிபி, நகர்த்த எம்வி, தேட கிரெப் என்று நூற்றுக்கணக்கில் போகும். எல்லாவற்றையும் ஒரு பிளொப்பியில் அடக்க முடியாது.

இந்தச் சின்ன நிரல்களை அறுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரே சாமான் திரும்பத் திரும்பக் கிடக்கும். கோப்பைத் திறக்கும் பகுதி, கட்டளையோடு வரும் குறிகளைப் பிரித்துப் படிக்கும் பகுதி, பிழை வந்தால் செய்தி சொல்லும் பகுதி எல்லாம் நூறு நிரலில் நூறு தடவை. பெரன்ஸ் எல்லா நிரல்களையும் ஒரே நிரலாக்கினார். பொதுவான பகுதிகள் ஒரு தடவை மட்டும் இருந்தால் போதுமென்றாயிற்று. பிறகு அந்த ஒரே கோப்புக்கு நூற்றுக்கணக்கான பெயர்களை வைத்தார்கள். எல்எஸ், சிபி, எம்வி எல்லாமே அந்த ஒரு கோப்பைச் சுட்டும் இணைப்புகள்.

சரி, நகலெடுக்கச் சொன்னால் நகலெடுக்கவேண்டும், பட்டியலிடக் கூடாது என்று அதற்கு எப்படித் தெரியும்? லினக்ஸில் ஒரு நிரலை ஓட்டும்போது, அதற்குக் கொடுக்கப்படும் விவரங்களில் முதலாவது, அது எந்தப் பெயரில் அழைக்கப்பட்டது என்பதுதான். சாதாரண நிரல்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. பிஸிபொக்ஸ் கண் விழித்ததும் முதலில் பார்ப்பதே அதைத்தான். சிபி என்று கூப்பிட்டார்களா, நகலெடுக்கும் பகுதிக்குப் போகும். கிரெப் என்றா, தேடும் பகுதிக்கு. பெயர்தான் அதற்கு வேலை உத்தரவு. அதே கோப்பை அதே நேரத்தில் இரண்டு பெயரில் அழைத்தால் இரண்டு வேறு வேலைகளைப் பிசகாமல் செய்துகொண்டிருக்கும். இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டளைகள் அதற்குள் இருக்கின்றன. மொத்த அளவு ஒரு எம்பியைச் சுற்றித்தான். அரிதாகப் பயன்படும் குறிகள் சில அதில் இல்லை. பாடசாலைக்கோ வீட்டுக்கோ அவற்றின் குறை தெரியவே தெரியாது. டைனி கோரின் அடிவயிற்றில் இருப்பது பிஸிபொக்ஸ்தான். நம் வீடுகளில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வைஃபை ரவுட்டர்கள் பலவற்றிலும் அதுதான் ஓடுகிறது.

இப்படி யோசித்துக் குறைப்பது ஒரு வகை. கிளையைக் கண்மண் தெரியாமல் வெட்டுவது இன்னொரு வகை. டேம் ஸ்மோல் லினக்ஸ் என்றொரு தொகுப்பு 2005 வாக்கில் பேர்போனது. விசிட்டிங் கார்ட் அளவு சீடியில் அடங்கவேண்டும் என்று அதற்கு 50 எம்பி எல்லை போட்டிருந்தார் அதைச் செய்த ஜோன் அன்ட்ரூஸ். நீண்ட காலம் நின்றுபோயிருந்த அதை 2024இல் அவரே மறுபடி கொண்டுவந்தார். இப்போது எல்லை ஒரு முழுச் சீடி, 700 எம்பி. அந்த எல்லைக்குள் நிற்பதற்காக உதவிப் பக்கங்களையும் ஆவணங்களையும் எடுத்துவிட்டு, வேண்டியவர்கள் திரும்ப இறக்கிக்கொள்ள வழி வைத்தார். அது நல்ல கவ்வாத்து. மொழிகளையும் குறைத்தார்; ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துக்கேயம் மட்டும் மிஞ்சின. தனி ஆளாக உழைக்கும் அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சின்ன லினக்ஸ் யாருக்கு அதிகம் வேண்டும்? பழைய கம்ப்யூட்டர்தான் கிடைக்கும் என்ற இடங்களில் இருப்பவர்களுக்கு. அவர்களில் எத்தனையோ பேர் அந்த ஐந்து மொழிகளில் எதையும் வீட்டில் பேசுவதில்லை.

தமிழை வைத்துக்கொள்ள எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு நல்ல யூனிகோட் எழுத்துரு சில நூறு கேபிக்குள் அடங்கும். 700 எம்பியில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. விசைப்பலகைக்குத் தனியாக எதுவும் வேண்டியதில்லை; லினக்ஸின் அடிப்படை விசைப்பலகைத் தொகுப்பிலேயே இலங்கையின் கீழ் தமிழ்99 இருக்கிறது. எழுத்துரு, விசைப்பலகை இரண்டோடும் மூன்றாவதாக ஒன்று கட்டாயம் வேண்டும், அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கொழுந்து என்று தட்டுகிறோம். கம்ப்யூட்டர் அதில் முதலில் ககரத்தையும் அடுத்து ஒகரக் குறியையும் வைத்துக்கொள்கிறது. திரையில் காட்டும்போது அந்த ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை ககரத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் நிறுத்தவேண்டும். ழு, து இரண்டையும் வேறு உருவமாகவே மாற்றவேண்டும். இதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். அது இல்லாத மென்பொருளில், எழுத்துரு இருந்தாலும் சொல் கைவேறு கால்வேறாகக் கிடக்கும். எழுத்துருவே இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தான். வெட்டாமல் விடவேண்டிய இலைக்கிளை என்று நான் நினைப்பது இதைத்தான். முதன்முதலாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தன் பெயரைத் தட்டும் ஒரு பிள்ளைக்கு வரிசையாகக் கட்டங்களைக் காட்டக் கூடாது.

சின்னது என்பதை எங்கே அளக்கிறோம் என்றும் கேட்கவேண்டும். கண்டிக்குப் பக்கத்து மலையின் பெயரைக் கொண்ட ஹந்தான லினக்ஸ் 2009இல் இலங்கையில் தொடங்கியது. தனிஷ்க நவின் முன்நின்று செய்தது. ஃபெடோரா என்ற லினக்ஸ் தொகுப்பை அடித்தளமாகக் கொண்ட அது ஒரு டிவிடியை நிறைத்துக்கொண்டு வந்தது. கல்வி மென்பொருள், அலுவலக மென்பொருள், பாட்டுக் கேட்பதற்கானவை என்று எல்லாம் உள்ளே. இணைய வசதி குறைந்த நாட்டில் அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். 23 எம்பி தொகுப்பை இறக்கிவிட்டு, மிச்சத்தை இணையத்திலிருந்து எடுத்துக்கொள் என்றால், மலை உச்சியில் சிக்னல் தேடி ரீலோட் போடுகிறவருக்கு அது சின்னதே இல்லை. எங்களுக்கு ரேமில் சின்னதாகவும் பென் டிரைவில் நிறைவாகவும் இருக்கும் ஒன்றுதான் வேண்டும்.

ஆகவே டீச்சர், முதலில் கம்ப்யூட்டரைத் திறந்து 2032 என்று எழுதியிருக்கும் வட்டமான பற்றறியை மாற்றுங்கள். அது செத்திருந்தால் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். பிறகு எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று சொல்லும். லினக்ஸ் மேல் பழி விழும் இடம் இது. அடுத்து, செயலி 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். கோர் 2 டுவோ வகை 2006இல் வந்தது, அதுவே 64 பிட்தான். 32 பிட் மட்டுமே என்றால் அவகாசம் குறைவு. டெபியன் 13லிருந்து அவற்றில் புதிதாக நிறுவ முடியாது. டெபியன் 12ஐக் கொண்டு செய்த அன்டிஎக்ஸ் 23இல் 32 பிட் பதிப்பு உண்டு. டெபியன் 12க்கான நீண்டகாலப் பாதுகாப்பு ஆதரவு 2028 ஜூன் வரை இருக்கிறது.

ரேமைத் தின்பது இன்று பிரவுசர்தான். எவ்வளவு குறைத்த லினக்ஸும் அதற்கு முன்னால் திணறும். ஸெட்ரேம் என்ற வசதியை இயக்கிவிடுங்கள், ரேமில் உடனே தேவைப்படாததை அது சுருக்கி வைத்துக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் திறக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பாடத்துக்கு உண்மையில் இணையம் அவ்வளவு வேண்டியதில்லை. சாதாரண தரப் பாடத்தின் பாஸ்கல் நிரல்களை எழுதி ஓட்ட ஃப்ரீ பாஸ்கல் போதும். எழுத அபிவேர்ட், கணக்கு அட்டவணைக்கு நியூமெரிக். ஒரு ஜிபி ரேமில் இவை தாராளமாக ஓடும்.

இவ்வளவையும் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் செய்யுங்கள். தமிழ் எழுத்துருவும் தமிழ்99உம் போட்டு, தேவையில்லாத சேவைகளை நிறுத்தி, பிள்ளைகளை உட்காரவைத்துப் பாருங்கள். திருப்தியானதும் அன்டிஎக்ஸில் ஐஎஸ்ஓ ஸ்னாப்ஷொட் என்ற கருவியை ஓட்டுங்கள். நீங்கள் சீர்செய்த கம்ப்யூட்டர் அப்படியே ஒரு நிறுவல் கோப்பாகிவிடும். அதைப் பென் டிரைவில் எழுதி அறையிலுள்ள மற்றக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் போடலாம். அந்தப் பென் டிரைவைப் பொகவந்தலாவையிலும் டயகமவிலும் இதே நிலையில் இருக்கும் ஆசிரியர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். நகலெடுத்துக் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை, உரிமமே அதற்கு இடம் தருகிறது.