டபிள்யூஎஸ்ஓ2 சேர்வரை நிறுவுவது எப்படி?

இலங்கையரான சஞ்சீவ வீரவரண முதலானோர் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் ஏபிஐ மேனேஜர், பல கணினி அமைப்புகளுக்கு இடையே தரவுப் பரிமாற்றத்தை நிர்வகிக்கும் மென்பொருள். ஜாவாவில் எழுதப்பட்டதால் லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஓடும். 4 ஜிபி ரேம் இல்லாத கணினியில் முயலாதிருப்பதே நல்லது.

ஏபிஐ மேனேஜரின் பதிப்புக்குப் பொருந்தும் ஜேடிகேயை (ஜாவா மேம்பாட்டுத் தொகுப்பு) முதலில் நிறுவி, அது இருக்கும் இடத்தை 'JAVA_HOME' (ஜாவா ஹோம்) என்ற சூழல் மாறியில் குறிக்க வேண்டும். பிறகு சேர்வரைத் தொடங்கலாம்; அது தொடங்க மறுத்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தச் சூழல் மாறிதான். நிர்வாகப் பக்கம் வழக்கமாக 9443ஆம் போர்ட்டில் திறக்கும்.

கூடவே வரும் எச்2 தரவுத்தளம் பழகிப் பார்க்க மட்டுமே. எடுத்துக்காட்டாக, நோர்வூட்டில் ஒரு கூட்டுறவுச் சங்கம் இதை உண்மையான வேலைக்குப் பயன்படுத்துவதானால் மைஎஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ்கியூஎல் இணைக்க வேண்டும். மின்தடைக்கு யூபிஎஸ்ஸும் அவசியம். தொடக்கக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.