அழகு எழுத்தும் தாத்தாவின் கேள்வியும்

பல்கலைக்கழகத் தமிழ் விழாவுக்கான அழைப்பிதழை வடிவமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆங்கிலப் பகுதி முழுவதையும் ‘சாப்ஃபினோ’ எழுத்துருவில் அமைத்தேன். கொள்ளை அழகு! ஆனால், அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டே தாத்தா கேட்டார்: “விழா எத்தனை மணிக்கு ஐயா?”

ஜெர்மானியக் கலைஞர் ஹெர்மன் சாப்ஃப் 1944இல் தமது வரைபுத்தகத்தில் கையால் எழுதிய எழுத்துகளே சாப்ஃபினோவின் வேர். ஈய அச்சில் ஒவ்வோர் எழுத்தும் தன் கட்டைக்குள் அடங்கவேண்டும். நீண்டு வளையும் கோடுகளுக்கு அங்கே இடமில்லை. கணினி அந்தத் தடையை நீக்கியது. 1998இல் லைனோடைப் நிறுவனம் இதனை வெளியிட்டது. ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் இருப்பதால், மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் கையால் எழுதியது போலவே தோன்றும்.

மணமக்கள் பெயர், விழாத் தலைப்பு, சின்னம் போன்ற சில சொற்களுக்கு இது பொருந்தும். கோடுகள் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கிடையே தாராள இடைவெளி வேண்டும். நேரமும் இடமும் எளிய எழுத்துருவில் இருப்பதே நல்லது.

அழைப்பிதழைத் திருத்தினேன், தலைப்பை மட்டும் சாப்ஃபினோவில் விட்டுவைத்தேன். விழா நாளில் தாத்தா அரை மணி நேரம் முன்னதாகவே வந்து அமர்ந்திருந்தார்.