ஏலத் தொகையும் இளைஞரின் ஆற்றலும்

கடந்த கோடை விடுமுறையில், உடுமலைப்பேட்டையில் உள்ள என் வீட்டுக்கு முன்னாள் மாணவர் ஒருவர் வந்தார். திருப்பூர் பின்னலாடை நிறுவனமொன்றில் துணியின் தரம் பார்க்கும் பிரிவில் பணிபுரிபவர். அவருடைய 16 வயது மகன் இடக்கை வேகப்பந்து வீச்சாளன். பத்தாம் வகுப்பு முடித்த அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, கடன் வாங்கியாவது சென்னையில் முழுநேரப் பயிற்சியில் சேர்க்கலாமா என்று கேட்டார். "நடராஜனும் கிராமத்திலிருந்துதானே சார் வந்தார், மூன்று கோடிக்கு எடுத்தார்களே?" என்றார்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜனை, 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி ரூ.3 கோடிக்கு வாங்கியது உண்மை. அவருடைய அடிப்படை விலை ரூ.10 லட்சம். அந்தப் பருவத்தில் அவர் எடுத்தவை 2 விக்கெட்டுகளே. மறு ஆண்டு ஹைதராபாத் அணி அவரை ரூ.40 லட்சத்துக்கு வாங்கி, இரண்டு பருவங்கள் களமிறக்காமல் வைத்திருந்தது. 2020-இல் வாய்ப்புக் கிடைத்தபோது 16 விக்கெட்டுகள். அடுத்த சில வாரங்களில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்காக மூவகை ஆட்டங்களிலும் அறிமுகம். 2018-இல் அவரது விலை ஏழில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஆற்றலும் அப்படிச் சுருங்கியிருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பொருளியலில் இதற்கு 'வென்றவரின் சாபம்' என்று பெயர். மெக்ஸிகோ வளைகுடா எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் 1971-இல் இதை விளக்கினர். ஒரு பொருளின் மெய்யான மதிப்பு ஒருவருக்கும் தெரியாதபோது, ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் அதை மிகையாக மதிப்பிட்டவரே. ஆகவே, ஏலத் தொகை என்பது பத்துப் பேரின் சராசரிக் கணிப்பு அன்று. அதிக நம்பிக்கை கொண்ட ஒருவரின் கணிப்பு, அவருக்கு அடுத்தவர் விலகும் இடத்தில் நின்றுவிடுகிறது.

ஏலமே இல்லாத இடத்திலும் இந்தத் தடுமாற்றம் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கின்றன. அதனை ஆராய்ந்த கேட் மாசியும், பின்னர் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் ஒரு வியப்பான கணக்கைக் கண்டனர். ஒரே ஆட்டநிலையில் முன்னதாகத் தேர்வானவர், அவருக்கு அடுத்துத் தேர்வானவரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 52 விழுக்காடுதான். நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேல். அங்கு ஓடிச்சென்று பந்தைப் பிடிக்கும் இளைஞரின் புள்ளிவிவரம், பந்தை எறிபவரின் கையிலும் பாதி இருக்கிறது. நம் பந்துவீச்சாளருக்கோ ஆடுகளம், எதிரணி, நழுவவிடாத கைகள், எந்த ஓவரைத் தருவது என்று முடிவு செய்யும் தலைவர்.

கட்டடக்கலை படித்த வருண் சக்கரவர்த்தி, 2018 தமிழ்நாடு பிரீமியர் லீகில் மதுரை அணி கோப்பை வெல்ல உதவினார். அதையடுத்து ரூ.20 லட்சம் அடிப்படை விலையிலிருந்து ரூ.8.4 கோடிக்கு ஏலம் போனார். ஈடன் கார்டனில் முதல் ஓவரிலேயே 25 ரன்கள் போயின. அந்தப் பருவத்தில் ஆடியது அந்த ஓர் ஆட்டமே. அன்றே அவர் கதை முடிந்தது என்றவர்கள் பலர் (தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த நானும் ஒருவன்). 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் 3 ஆட்டங்களில் 9 விக்கெட்டுகள் எடுத்தபோது அவருக்கு வயது 33.

சாய் சுதர்சன் இதற்கு நேர்மாறு. 2022-இல் அவரைக் குஜராத் அணி வாங்கியது ரூ.20 லட்சத்துக்கு. 2023-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஏலத்தில் கோவை அணி கொடுத்ததோ ரூ.21.6 லட்சம். உள்ளூர்ப் போட்டியில் அவரைத் தொடர்ந்து பார்த்தவர்கள் கொடுத்த விலை, ஐபிஎல் விலையைவிடக் கூடுதல்! அதே ஆண்டு ஐபிஎல் இறுதியாட்டத்தில் 47 பந்துகளில் 96. 2025-இல் 759 ரன்களுடன் தொடரிலேயே முதலிடம்.

மாணவரிடம் அவர் தொழிலையே எடுத்துச் சொன்னேன். துணியைத் துவைத்துச் சுருக்கம் பார்க்காமல் அவர் கையெழுத்திடுவதில்லை. மகனுக்கு மட்டும் ஒரே ஒரு தேர்வு முகாமின் முடிவு எப்படிப் போதும்? ஒரு நோட்டில், ஒவ்வோர் ஆட்டத்திலும் எந்த வயதினருக்கு எதிராக வீசினான், எத்தகைய ஆடுகளம், எத்தனை ஓவர், எத்தனை கேட்சுகள் நழுவின என்று இரண்டு ஆண்டுகள் எழுதிவரச் சொன்னேன். தன்னைவிட மூத்தவர்களுக்கு எதிராகவும் அவன் தொடர்ந்து நன்றாக வீசினால், அப்போது கடனைப் பற்றிப் பேசலாம்.

பையன் உள்ளூர்ப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறான். நோட்டில் இதுவரை 11 ஆட்டங்கள் ஏறியிருக்கின்றன.