எம்.சி.ஏ. சேரலாமா? வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பாருங்கள்

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்ததும் பல குடும்பங்களில் அடுத்து எழும் கேள்வி, "எப்போதும் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறாளே, டிகிரி முடித்ததும் எம்.சி.ஏ. சேர்த்துவிடலாமா?" என்பதுதான். நான் எம்.சி.ஏ. படித்தவன் என்பதால் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் இதை அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டு ஆண்டுகளும் கணிசமான பணமும் செலவாகும் விஷயம் இது. எனவே, அங்கு என்ன சொல்லித் தருகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேர்ட், எக்ஸெல், போட்டோஷாப் ஆகியவற்றை நன்றாகப் பயன்படுத்துவது வேறு. கம்ப்யூட்டரில் முதுநிலைப் பட்டம் படிப்பது வேறு. அங்கு சாப்ட்வேர் இயக்கக் கற்றுத் தருவதில்லை. அது எப்படி இயங்குகிறது, எப்படி உருவாக்குவது என்பதுதான் பாடம்.

நான்கு முக்கியப் பாடங்கள்

எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் கீழ்க்காணும் நான்கும் பாடத்தின் முதுகெலும்பாக இருக்கும்.

1. டேட்டா ஸ்ட்ரக்சர்: தகவல்களை எப்படி அடுக்கி வைத்தால் விரைவாகத் தேடலாம் என்று சொல்லும் பாடம். 10 லட்சம் பெயர்கள் கொண்ட பட்டியலில் ஒரு பெயரை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடினால், 10 லட்சம் முறை கூட ஒப்பிட வேண்டி வரலாம். அதே பட்டியல் அகர வரிசையில் இருந்தால், நடுவில் உள்ள பெயரைப் பார்த்து, தேவையில்லாத பாதியை ஒதுக்கிவிடலாம். இப்படியே பாதி பாதியாக ஒதுக்கினால் 20 முறைக்குள் விடை கிடைத்துவிடும். இதற்கு பைனரி சர்ச் என்று பெயர்.

2. ஆப்பரேட்டிங் சிஸ்டம்: விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பகுதியில் சி.பி.யூ. என்பதைக் கிளிக் செய்தால், எத்தனை பிராசஸ் ஓடுகின்றன, பிராசஸரில் எத்தனை கோர் உள்ளன என்று தெரியும். நூற்றுக்கும் மேற்பட்ட பிராசஸ்களைச் சில கோர்கள் மட்டும் எப்படிச் சமாளிக்கின்றன? ஒவ்வொன்றுக்கும் மிகச் சிறிய நேரத்தை மாற்றி மாற்றி ஒதுக்குவதால்தான். அந்த ஒதுக்கீட்டு முறைகளை இதில் படிக்க வேண்டும்.

3. டேட்டாபேஸ்: ரயிலில் ஒரே ஒரு பெர்த் மீதம் இருக்கிறது. மதுரையில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் ஒரே நொடியில் புக் செய்கிறார்கள். இருவருக்கும் அதே பெர்த் போகாமல் தடுப்பது டேட்டாபேஸின் டிரான்சாக்‌ஷன் என்னும் ஏற்பாடு.

4. நெட்வொர்க்: ஸ்டார்ட் பட்டனை அழுத்தி சி, எம், டி என டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் கறுப்புத் திரையில் பி, ஐ, என், ஜி என டைப் செய்து, இடைவெளி விட்டு, கூகுள் தளத்தின் முகவரியைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். நான்கு சிறு பாக்கெட்டுகள் போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று காட்டும். அவை எந்த விதிகளின்படி வழி கண்டுபிடித்துச் செல்கின்றன என்பதே நெட்வொர்க் பாடம்.

எந்தப் பட்டம் யாருக்கு?

நான் படித்தபோது எம்.சி.ஏ. மூன்று ஆண்டுப் படிப்பு. ஏ.ஐ.சி.டி.இ. 2020-21 கல்வியாண்டு முதல் அதனை இரண்டு ஆண்டாக்கியது. கம்ப்யூட்டர் அல்லாத பட்டம் பெற்றவர்களும் சேரலாம். பிளஸ் 2-விலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. இவர்களுக்கு பிரிட்ஜ் கோர்ஸ் என்னும் கூடுதல் அடிப்படைப் பாடங்கள் உண்டு. தமிழகத்தில் எம்.சி.ஏ. சேர்க்கைக்கு அண்ணா பல்கலைக்கழகம் டான்செட் தேர்வை நடத்துகிறது. திருச்சி என்.ஐ.டி. போன்றவற்றுக்கு நிம்செட் என்ற தனித் தேர்வு உள்ளது.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது பி.சி.ஏ. முடித்தவர்களுக்கு எம்.எஸ்சி.யும் ஒரு வழி. பி.இ., பி.டெக். முடித்தவர்கள் எம்.இ., எம்.டெக். படிக்கலாம், இதற்கு கேட் தேர்வு மதிப்பெண் மிகவும் உதவும். தகுதி விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால், அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். தொலைநிலைக் கல்வியில் சேருவதாக இருந்தால், அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி உள்ளதா என்று யு.ஜி.சி.யின் தளத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

கம்ப்யூட்டர் போதுமா?

நாங்கள் படித்த நாட்களில் லேபில் கம்ப்யூட்டர் கிடைப்பது வாரத்தில் சில மணி நேரமே. அதனால் புரோகிராமை முதலில் தாளில் எழுதி, சரிபார்த்து எடுத்துச் செல்வோம். இன்று 8 ஜி.பி. ராம் உள்ள சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரே பெரும்பாலான பாடங்களுக்குப் போதும். பைதான், ஜாவா, மைசீக்வல், லினக்ஸ் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் மேலே சொன்ன நான்கு பாடங்களுக்கும் வீடியோ வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு.

ஒரு மாதச் சோதனை

விண்ணப்பப் படிவம் வாங்கும் முன் இதனைச் செய்து பாருங்கள். பைதானை இன்ஸ்டால் செய்து, அடிப்படைகளை இரண்டு வாரம் பழகுங்கள். பிறகு ஒரு விளையாட்டு எழுதுங்கள். 1 முதல் 100-க்குள் ஓர் எண்ணைக் கம்ப்யூட்டர் ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் ஊகிக்கும்போது "பெரியது", "சிறியது" என்று அது சொல்ல வேண்டும். இது முடிந்ததும் வேலையை மாற்றுங்கள். நீங்கள் நினைத்த எண்ணைக் கம்ப்யூட்டர் 7 ஊகங்களுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். மேலே சொன்ன பைனரி சர்ச்தான் இதற்கு வழி.

புரோகிராம் முதலில் ஓடாது. சிவப்பு எழுத்தில் எரர் வரும். அந்த நேரத்தில் உங்கள் மகளோ மகனோ என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். எங்கே தவறு என்று சாப்பாட்டையும் மறந்து தேடுகிறாரா? தயங்காமல் சேர்த்துவிடுங்கள். சலித்துப்போய் மூடிவிட்டு வீடியோ எடிட்டிங்கிற்கோ டிசைனுக்கோ போகிறாரா? அதுவும் நல்ல தொழில்தான். அதற்கான படிப்பைத் தேடுங்கள். இதற்குச் செலவு ஒரு மாதம் மட்டுமே.