பின் சக்கரத்தில் கருகல் வாடையா? கேலிப்பரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே போய்விட்டு வீடு திரும்புகிறீர்கள். காரை நிறுத்தி இறங்கியதும் கருகல் வாடை. மற்ற சக்கரங்கள் சாதாரணமாக இருக்க, பின்பக்கம் ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடிக்கிறது. அந்தப் பக்கத்து பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சுழலும் டிஸ்க்கை இரண்டு பேடுகளால் கவ்விப் பிடிக்கும் கிடுக்கிதான் கேலிப்பர். உள்ளே இருக்கும் பிஸ்டனில் தண்ணீர் புகுந்து துருப்பிடித்தால், பெடலை விட்ட பிறகும் பிடி தளராது.

எல்லா கார்களிலும் இது இருக்காது. நம் ஊர் சிறிய கார்கள் பலவற்றில் பின்னால் டிரம் பிரேக்தான். பட்டனை அழுத்தினால் ஹேண்ட் பிரேக் விழும் காராக இருந்தால், பெரும்பாலும் ஸ்கேனர் தேவைப்படும். அதை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுவதே நல்லது.

தூக்குவதற்கு முன்...

சமதளத்தில் நிறுத்தி, சக்கரம் ஆறும்வரை காத்திருங்கள். பின் சக்கர வேலை என்பதால் ஹேண்ட் பிரேக் போட முடியாது. முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, காரை கியரில் வையுங்கள். ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்ட் வைப்பது கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கைவைக்கக் கூடாது.

புது கேலிப்பர் வாங்கும் முன் ஒரு சோதனை: ஹேண்ட் பிரேக் கேபிளைக் கழற்றிவிட்டு சக்கரத்தைச் சுற்றுங்கள். இப்போது சுலபமாகச் சுற்றினால் கோளாறு கேபிளில் இருக்கலாம்.

தவறும் இடங்கள்

பின் கேலிப்பர் பலவற்றில் பிஸ்டனுக்குள்ளேயே ஹேண்ட் பிரேக் அமைப்பு இருக்கும். அந்த பிஸ்டனை வெறுமனே அழுத்தினால் உள்ளே உடைந்துவிடும். திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். எந்தப் பக்கம் திருகுவது என்பது காருக்குக் கார் மாறும். மேனுவலைப் பாருங்கள்.

இடது, வலது மாறிவிடக் கூடாது. ஏர் எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். அது கீழே வந்தால் காற்று மேலேயே தங்கிவிடும். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பிரேக் பிடிக்காது. ஹோஸ் போல்ட்டின் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். போல்ட்டுகளை மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள்.

பிரேக் ஆயில் டேங்க் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். அதையே வாங்குங்கள். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டால் அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். எப்போதோ திறந்துவைத்த பாட்டில் வேண்டவே வேண்டாம். ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே கழுவுங்கள்.

வீட்டில் ஒருவர் உதவிக்கு வரட்டும்

ஏர் எடுக்க இரண்டு பேர் தேவை. “மிதி” என்றதும் உள்ளே இருப்பவர் பெடலை மிதித்தபடியே இருக்க, வெளியே இருப்பவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் “விடு”. குமிழ் இல்லாமல் ஆயில் வரும்வரை இதைத் தொடருங்கள். நடுவில் டேங்க் காலியாகிவிடக் கூடாது. ஏபிஎஸ் உள்ள காரில் காற்று உள்ளே போனால் ஒர்க்‌ஷாப்தான் வழி.

சக்கரத்தை மாட்டி, காரை இறக்கி, நட்டுகளை முறுக்கிய பிறகு, கார் நகர்வதற்கு முன்பே பெடலைப் பலமுறை மிதியுங்கள். கெட்டியாக நிற்கிறதா? ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, நிறுத்திப் பாருங்கள். சில கிலோமீட்டர் ஓடியதும், கசிவோ சூடோ இருக்கிறதா என்று பாருங்கள்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினாலோ, மெல்லக் கீழே இறங்கினாலோ காரை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. அடுத்த ஞாயிறு அந்த காரில் உட்காரப்போவது உங்கள் குடும்பம்தானே!