சுயதொழிலும் அச்சிட்ட அடையாளமும்

திருமலைக்கு நடந்து செல்லும் பாதை தொடங்கும் இடம் அலிபிரி. சுமார் 9 கிலோமீட்டர் நீளமும் 3,550 படிகளும் கொண்ட இப்பாதையின் அடிவாரத்தில் நாள்தோறும் பல மாநில மக்கள் கூடுகின்றனர். இவர்களை நம்பி வாடகை ஊர்தி ஓட்டுவோர், புகைப்படக்காரர், மரச் சிற்பம் செய்வோர், கைவினைப் பொருள் விற்போர் எனத் திருப்பதி வட்டாரத்தில் பலர் சுயதொழில் நடத்துகின்றனர். இவர்களிடம் வரும் வாடிக்கையாளர் பெரும்பாலும் ஒரு நாள் தங்கித் திரும்புபவர். பேசிய சொல் அவர் நினைவில் நிற்பது அரிது; கையில் கொடுத்த அட்டையோ அவருடன் ஊருக்குச் செல்லும். எனவே அறிமுக அட்டை, கடிதத் தாள், விலைப்பட்டியல், ரசீது, சிப்பச் சீட்டு ஆகிய அச்சுப் பொருள்கள் சிறு தொழிலின் மூலதனத்தில் ஒரு பகுதியாகவே கருதத்தக்கவை.

சிவகாசி தரும் பாடம்

அச்சிட்ட அடையாளத்தின் பொருளாதார ஆற்றலுக்குச் சிவகாசி சிறந்த எடுத்துக்காட்டாகும். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே தோற்றம் உடையவை. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துக் காட்டியது மேலே ஒட்டிய வண்ணச் சீட்டே. எழுத்தறியாதவரும் படத்தைக் கண்டு தமக்கு வேண்டிய பெட்டியைக் கேட்டு வாங்க முடிந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தேவைப்பட்ட இச்சீட்டுகளே அவ்வூரில் அச்சுத் தொழில் வேரூன்றக் காரணமாயின. பின்னர் அது நாட்காட்டி, நாட்குறிப்பு என விரிவடைந்தது.

எத்தனை படிகள் அச்சிடுவது?

சிறு முதலீட்டாளர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எண்ணிக்கை. ஆஃப்செட் முறையில் நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளுக்கும் தனித்தனித் தகடு தேவை. இத்தொடக்கச் செலவு, அச்சிடுவது நூறாயினும் பத்தாயிரமாயினும் மாறாது. டிஜிட்டல் முறையில் தகடு இல்லை. ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஆகும் செலவு கூடுதல். எடுத்துக்காட்டாக, ஆஃப்செட்டில் தொடக்கச் செலவு 2,000 ரூபாய், அட்டைக்கு 50 காசு என்றும், டிஜிட்டலில் அட்டைக்கு 2 ரூபாய் 50 காசு என்றும் கொள்வோம். 1,000 அட்டைகளுக்கு இரண்டிலும் செலவு 2,500 ரூபாய். அதற்குக் குறைவாயின் டிஜிட்டலும், மிகுதியாயின் ஆஃப்செட்டும் சிக்கனமாகும்.

எனினும் மலிவு கருதி மிகுதியாக அச்சிடுவது எப்போதும் ஆதாயம் அன்று. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரப் பிரதேசத்தில் மாவட்டங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது, அதுவரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருப்பதி தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. மாவட்டப் பெயருடன் முன்பே அச்சிட்ட கடிதத் தாள்களில் முகவரி அன்றே பழையதாகிவிட்டது. தொலைபேசி எண் மாறினாலும் இதே நிலைதான். ஆகவே பெயரும் சின்னமும் கொண்ட பொதுத் தாளை மிகுதியாகவும், மாறக்கூடிய விவரங்களைச் சிறு அளவிலும் அச்சிடுவது அறிவுடைமை.

அறிமுக அட்டைக்கு 300 கிராம் தாளும், கடிதத் தாளுக்கு ஏ4 அளவில் 80 முதல் 100 கிராம் தாளும் பொதுவாகப் போதுமானவை. பல மொழியினர் வரும் திருப்பதியில் தெலுங்குடன் தமிழும் ஆங்கிலமும் இடம்பெறுவது பயன் தரும். ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் நெருக்காமல் அட்டையின் இரு பக்கங்களையும் பயன்படுத்தலாம்.

சட்டம் கூறுவன

சின்னம் வரைந்த ஓவியருக்குப் பணம் கொடுத்துவிட்டதாலேயே அதன் உரிமை முழுவதும் கைக்கு வந்துவிடுவதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்து மூலம் அமைய வேண்டும். காலம் குறிப்பிடாவிடில் அது 5 ஆண்டுகளுக்கே செல்லும்.

1999ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டம் பொருள்களுக்கு மட்டுமன்றிச் சேவைகளுக்கும் பதிவு வசதி அளிக்கிறது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் புதுப்பித்துக் கொள்ளலாம். பதிவு பெறாத குறியைப் பதிவு பெற்றதாக அச்சிடுவது சட்டத்திற்குப் புறம்பானது. தேசியச் சின்னத்தை வணிகத்திற்குப் பயன்படுத்துவதை 2005ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. திருப்பதி லட்டு 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. காளஹஸ்தி கலம்காரித் துணியும் இப்பாதுகாப்புப் பெற்றதே. இப்பெயர்களை வேறு பொருள்களின் சீட்டில் அச்சிடுவது உரிமை மீறலாகும்.

ரசீதிலும் கவனம் தேவை. சரக்கு, சேவை வரிப் பதிவு இல்லாதவர் ரசீதில் வரி என்று தனியே வசூலிக்கக் கூடாது. விளம்பரப் பதாகைகளைப் பொறுத்தவரை, 100 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பதாகைகள் 2022 ஜூலை 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. துணியும் தாளும் இவற்றுக்குத் தக்க மாற்றுகள்.

நம்பிக்கையே இலக்கு

யாத்திரைத் தலங்களில் புதியவர்களை ஏமாற்றுவோர் எழும்போது அதன் இழப்பு நேர்மையான தொழிலாளரையே முதலில் தாக்குகிறது. அங்கீகாரம் பெற்றவர் என்று பொய்யாக அச்சிட்ட ஓர் அட்டை, பக்கத்தில் நிற்கும் பத்துப் பேரின் சொல்லையும் ஐயத்திற்கு உள்ளாக்கும். மாறாகப் பெயர், முகவரி, தொலைபேசி எண், கட்டணம் ஆகியவற்றைத் தெளிவாகக் கூறும் அட்டை, குறை ஏற்பட்டால் யாரிடம் கேட்பது என்பதையும் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கிறது. இப்பொறுப்பை ஏற்கும் துணிவே அச்சிட்ட அடையாளத்தின் மதிப்பாகும். சுயதொழில் பயிற்சி தரும் நிலையங்கள் கணக்கு எழுதக் கற்பிப்பது போன்றே இவற்றையும் பாடத்தில் சேர்ப்பின், சிறு தொழில் புரிவோரின் சேமிப்பு வீணாகாமல் காக்கப்படும்.