சங்கு சக்கரமும் ஸர் ஐஸக் நியூட்டனும்

பௌதிக சாஸ்திரம் என்றாலே நம்மில் பலருக்குக் கரும்பலகையும் வாத்தியாரின் பிரம்புந்தான் ஞாபகத்துக்கு வரும். விருதுநகர் ஜில்லாவில் அந்தச் சிரமம் வேண்டியதில்லை. சலனத்தின் விதிகளைச் சிவகாசிக்காரர்கள் காகிதக் குழாய்க்குள் அடைத்துக் கடையிலேயே விற்கிறார்கள்!

ஆகாச வாணத்தை எடுத்துக் கொள்ளுங்கள். இப்போது குழந்தைகள்கூட அதை ராக்கெட் என்றுதான் சொல்லுகின்றன. அது எப்படி மேலே போகிறது? "கீழேயுள்ள காற்றை நெருப்பு உதைக்கிறது; அதனால் எழும்புகிறது" என்று வீட்டுப் பெரியவர் யாராவது சொல்லக் கூடும். அவரைப் பரிகசிக்க வேண்டாம். 1920-ஆம் வருஷத்தில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையே அப்படி எண்ணித்தான், காற்றில்லாத வெளியிலும் ராக்கெட் செல்லும் என்ற கொடார்டு என்னும் விஞ்ஞானியைக் கேலி செய்தது. 1969-இல் மனிதர்கள் சந்திரனை நோக்கிப் போய்க் கொண்டிருந்தபோதுதான் வருத்தம் தெரிவித்தது!

மருந்து எரிந்து உண்டாகும் வாயு கீழ்நோக்கிச் சீறுகிறது; சீறும் வாயு வாணத்தை மேலே தள்ளுகிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர் விசை உண்டென்று 1687-இல் நியூட்டன் எழுதி வைத்தது இதைத்தான். 1980 ஜூலை 18-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணியைச் சுமந்து சென்ற எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டும் இதே வழியில்தான் எழும்பிற்று. காற்றின் உதவி வாணத்தின் குச்சிக்குத்தான் வேண்டும். வாணம் சாய்ந்தால், நீண்ட குச்சி காற்றில் இழுபட்டு அதைத் திரும்ப நேராக்குகிறது. குச்சி ஒடிந்த வாணம் எதிர் வீட்டு மாடிக்குள் புகுவதன் ரகசியம் இதுவே.

சங்கு சக்கரத்திலும் அதே விசைதான். நெருப்பு விளிம்பை ஒட்டிச் சீறுவதால் சக்கரம் சுழலுகிறது. அதை விட்டுப் பிரிந்த பொறியோ கூடவே சுற்றி வருவதில்லை. உள்ளே பிடித்திழுப்பார் இல்லாமையால் தன் வழியே ஓடிவிடுகிறது. பூவாணத்தின் பொறி மேலே எழுந்து, பூமியின் இழுப்புக்கு வசப்பட்டு வளைந்து விழுகிறது. மாமரத்தில் எறிந்த கல்லும் அப்படித்தான் விழும். வானத்தில் வெடிக்கும் குண்டு உருண்டையாக விரிவானேன்? பொறிகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் எல்லாத் திசைகளிலும் கிளம்புகின்றன. எல்லாவற்றையும் பூமி ஒன்றுபோலவே இழுக்கிறது. ஆகவே உருண்டை குலையாமல், விரிந்துகொண்டே இறங்குகிறது.

இவையெல்லாம் கண்ணுக்கு இனிய சலனங்கள். கண்ணில் படாத ஒன்று உண்டு: உராய்வு. சிவகாசிக்கு வாழ்வு வந்ததே அதனால்தான். 1920-களின் ஆரம்பத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்தது தீப்பெட்டித் தொழில். குச்சியைப் பெட்டியில் தேய்த்தால் உஷ்ணம்; உஷ்ணத்தால் நெருப்பு. பட்டாசுத் தொழில் பின்னால் வந்தது.

அந்த உராய்வே மருந்து அறையில் எமனாகிறது. ஒரு டப்பாவைத் தரையில் இழுத்தால் போதும். காலடியில் ஒரு மணல் நெரிந்தால் போதும். ஆகையால்தான் அங்கே இரும்புக் கருவி ஆகாது, ஓர் அறையில் நால்வருக்கு மேல் வேலை செய்யலாகாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும் என்றெல்லாம் விதித்திருக்கிறார்கள். தீபாவளி நெருங்கி, கைகள் வேகமாக ஓட வேண்டியிருக்கும் மாதங்களில்தான் இவ்விதிகளுக்குச் சோதனை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். முதல் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடி வந்த அக்கம்பக்கத்தாரும் அவர்களில் இருந்தார்கள்.